டிவி சூடாகி அணைகிறதா? ஃபேன் மாட்டுவதற்கு முன்னும் பின்னும், அறிகுறி வாரியாக

டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன ஃபேன் வைத்தால் சூடு குறையுமா என்று கேட்டால், குறையும். ஆனால் இப்படிக் கேட்டு வருகிற பலருடைய டிவிக்குச் சூடு ஒரு பிரச்சினையே இல்லை. கரண்ட், செட்டாப் பாக்ஸ், டைமர், வயதான கெப்பாசிட்டர் (போர்டில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) என்று வேறு ஏதாவது இருக்கும். ஃபேன் பாட்டுக்குச் சுற்றும், டிவி பாட்டுக்கு அணையும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இன்னொரு விஷயமும் உண்டு. டிவி கையேடுகளில் பொதுவாக 40 டிகிரி செல்சியஸ் அறை வெப்பம் வரை ஓட்டலாம் என்று போட்டிருப்பார்கள். வேலூரிலும் மதுரையிலும் கோடையில் அந்த எல்லை பக்கத்தில் வந்துவிடும். நாகர்கோவிலிலோ தக்கலையிலோ வீட்டு ஹாலுக்குள் அவ்வளவு ஏறுவது அபூர்வம். வேர்த்து வழியும், ஆனால் தெர்மாமீட்டர் அந்த அளவுக்குப் போகாது. ஆகவே இங்கே ஒரு டிவி அளவுக்கு மீறிச் சூடாகிறது என்றால் வெயிலைத் திட்டிப் பயனில்லை. போக வழியில்லாமல் பின்னால் தேங்கி நிற்கும் காற்றுதான் பெரும்பாலும் காரணம். ஷோகேஸ் அடைப்பு, சுவரோடு ஒட்டிய மாட்டல், மேலே போட்ட பூத்துணி, டிசம்பர் வந்தால் டிவி ஸ்டாண்டைச் சுற்றி வைக்கோலும் சாக்குத்தாளும் வைத்துக் கட்டும் கிறிஸ்துமஸ் குடில். குடில் அழகுதான். ஆனால் டிவியின் மூச்சுத் துளைகளை அடைத்துக்கொண்டு, உள்ளே சீரியல் செட்டும் எரியும்போது அது வேறு கணக்கு. வைக்கோல் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்.

முதலில் ஒரு மாலை டேபிள் ஃபேன்

எதையும் வாங்குவதற்கு முன் வீட்டில் இருக்கும் டேபிள் ஃபேனை எடுங்கள். டிவியைச் சுவரிலிருந்தோ ஷோகேஸிலிருந்தோ ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்து, பின்பக்கத் துளைகளின் மேல் காற்று படும்படி ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். பின் மூடியைக் கழற்ற வேண்டாம். வழக்கமாகப் பார்க்கிற நேரம், வழக்கமான வெளிச்சம், வழக்கமான சேனல். எதையும் மாற்றாதீர்கள்.

கோளாறு வரவில்லை என்றால் சூடுதான் காரணம். கோளாறு அப்படியே வந்தது என்றால் சின்ன ஃபேன் வைத்தும் பிரயோஜனமில்லை. டேபிள் ஃபேன் தள்ளும் காற்றில் ஒரு சிறு பங்கைத்தான் அந்தச் சின்ன ஃபேன் தள்ளப்போகிறது. மறுநாள் ஃபேனை எடுத்துவிட்டு, டிவி முன்னால் இழுத்தபடியே இருக்க, இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் கோளாறு வரவில்லையா? ஃபேனே தேவையில்லை, இடைவெளிதான் தேவை. இந்த இரண்டாவது பரிசோதனையை யாரும் செய்வதில்லை, செலவில்லாமல் வேலை முடிவது இதில்தான்.

சூட்டை எப்படி அளப்பது என்றால், உள்ளங்கையே போதும். பின் மூடியின் மேல்பகுதியில் கையை வைத்துப் பத்து வரை நிதானமாக எண்ண முடிந்தால் அது டிவிக்கு இயல்பான சூடு. மூன்று நான்கிலேயே கையை எடுக்கத் தோன்றினால் யோசிக்க வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அவற்றில் பல, காய்ச்சல் அளவுக்கு மேலே போனால் எண்ணே காட்டாது.

இனி அறிகுறிகள்.

கொஞ்ச நேரம் ஓடி அணைகிறது, ஆறியபின் மறுபடி ஓடுகிறது

சூட்டின் கையெழுத்து இதுதான். அதிலும் இரண்டாவது முறை போட்டால் முதல் தடவையைவிடச் சீக்கிரம் அணையும். உள்ளே முழுதாக ஆறியிருக்காதல்லவா, அதனால். மூன்றாவது முறை இன்னும் சீக்கிரம். இந்த வரிசை இருந்தால் சந்தேகம் முக்கால்வாசி உறுதி.

உடனே ஃபேனுக்குப் போகாமல் மூன்று வேலை செய்யுங்கள். ஒன்று, பின்பக்கத் துளைகளைப் பாருங்கள். பெயின்ட் பிரஷ் ஒன்றால், புதியதாக இருக்கட்டும், கீழ்த் துளையிலிருந்து மேல் நோக்கித் தட்டி, வாக்யூம் கிளீனர் இருந்தால் வெளியிலிருந்தபடியே இழுத்துவிடுங்கள். ஊதித் தள்ளினால் தூசி உள்ளே போய் உட்காரும். குலசேகரம், அருமனை, திற்பரப்பு பக்கம் ரப்பர் ஷீட்டை அடுப்பங்கரை மேலே தொங்கவிட்டுப் புகை காட்டும் வீடுகளில் இந்தத் தூசி வெறும் தூசியாக இருக்காது. கரியும் பிசுக்கும் சேர்ந்து துளையையே மெழுகிவிடும். அதற்குப் பிரஷ் போதாது, ஈரம் பிழிந்த துணியை விரலில் சுற்றித் துடைக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கியபின்.

இரண்டு, வெளிச்சம். புது டிவியைக் கடையில் பளபளவென்று காட்டுவதற்கு வைத்திருந்த 'விவிட்' அல்லது 'டைனமிக்' நிலையிலேயே பல வீடுகளில் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. எல்இடி டிவி தின்கிற கரண்டில் பெரும்பங்கு, திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்டுக்குத்தான் போகிறது. படத்தின் அமைப்பில் 'பேக்லைட்' என்று தனியாக இருப்பதைக் குறைத்தால் சூடும் அதே போக்கில் குறையும். 'பிரைட்னஸ்' என்பது பல டிவிகளில் படத்தின் கருமையைத்தான் மாற்றும். அதைத் திருகி ஏமாறாதீர்கள். இரவில் லைட்டைப் போட்டுக்கொண்டு பார்க்கிற ஹாலுக்குப் பேக்லைட் நூற்றுக்கு அறுபது தாராளம். எல்இடி பட்டைகளின் ஆயுளும் கூடும்.

மூன்றாவது வேலை இடைவெளி. நான்கு பக்கமும் 10 சென்டிமீட்டர் விடச் சொல்லிப் பெரும்பாலான கையேடுகள் கேட்கும். மேலே அதைவிடக் கூட இருந்தால் நல்லது.

இந்த மூன்றையும் செய்தும் அணைந்தால் கீழே ஃபேன் பகுதிக்கு வாருங்கள்.

நாள்தோறும் ஒரே நேர அளவில், கடிகாரம் வைத்த மாதிரி அணைகிறது

சூடு கடிகாரம் பார்த்து வேலை செய்யாது. மழை நாளில் தாமதமாகும், புழுக்கத்தில் சீக்கிரம் வரும். நான்கு மணி நேரமானால் டாண் என்று அணைகிறது என்றால் அது டிவிக்குள் இருக்கும் தானியங்கி அணைப்பு. ரிமோட்டை நெடுநேரம் யாரும் தொடாவிட்டால் அணைந்துவிடும்படி பல டிவிகளில் அமைப்பு உண்டு. செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில்தான் சேனல் மாற்றுகிறீர்கள், டிவி ரிமோட் சோபா இடுக்கில் கிடக்கிறது, டிவியின் கணக்கில் வீட்டில் ஆளே இல்லை. ஸ்லீப் டைமர், ஆட்டோ பவர் ஆஃப் இரண்டையும் அமைப்பில் தேடி நிறுத்துங்கள். வேலை முடிந்தது.

கிணற்று மோட்டார் போடும் நேரத்தில் அணைகிறது

உங்கள் மோட்டாரோ பக்கத்து வீட்டு மோட்டாரோ, வோல்டேஜ் சட்டென்று இறங்குகிறது. டிவியில் இருக்கும் பவர் சப்ளை பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குவதுதான். ஆனாலும் ஒரு நொடி முழுதாக விழுந்தால் அணைந்து எழும். ஸ்விட்ச் போர்டில் பிளக் தொளதொளவென்று இருந்தாலும் இதே அறிகுறிதான். பிளக்கின் பித்தளைக் கால்கள் சுடுகின்றனவா, சாக்கெட் ஓரம் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் மாற்ற வேண்டியது சாக்கெட், எலெக்ட்ரீஷியன் வேலை.

இதற்காகச் சிலர் ஸ்டெபிலைசர் வாங்கி, அதை டிவிக்கு நேர் கீழே அதே அலமாரிக்குள் வைப்பார்கள். அதுவும் ஒரு அடுப்பு. அதன் சூடு மேலே ஏறி டிவிக்குத்தான் போகும். வைத்தே ஆக வேண்டும் என்றால் பக்கவாட்டில் வையுங்கள்.

படம் உறைந்து நிற்கிறது, கட்டம் கட்டமாக உடைகிறது

உறைந்து நிற்கும்போது டிவி ரிமோட்டை எடுத்து மெனு பொத்தானை அழுத்துங்கள். மெனு சரளமாக வந்து நகர்ந்தால் டிவி நன்றாகத்தான் இருக்கிறது. திணறுவது செட்டாப் பாக்ஸ். அதன் தலையில் கை வைத்துப் பாருங்கள்.

குளச்சல் பக்கம் ஒரு வீட்டில் "அண்ணே, டிவி ரொம்பச் சூடாகுது, ஒரு ஃபேன் வெச்சுத் தாங்க" என்று கூப்பிட்டார்கள். தேக்கு ஷோகேஸ், முன்னால் கண்ணாடிக் கதவு. டிவிக்குக் கீழ்த் தட்டில் செட்டாப் பாக்ஸ், அதன் மேல் டிவிடி பிளேயர், அதன் மேல் மடித்து வைத்த வெல்வெட் துணி, துணியின் மேல் கண்ணாடிக் கூண்டுக்குள் மாதா சொரூபம். டிவி பின்பக்கம் வெதுவெதுப்புதான். செட்டாப் பாக்ஸைத் தூக்கியபோது அடியிலிருந்த ரப்பர் கால்கள் இளகி, தட்டின் வார்னிஷில் நான்கு வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன. மாதாவை மேல் தட்டுக்கு மரியாதையாக மாற்றி, பாக்ஸைத் தனியாக வெளியே எடுத்து வைத்ததோடு சரி. ஃபேனுக்கு அங்கே வேலையே இல்லை.

ரிமோட்டில் அணைத்தாலும் பல செட்டாப் பாக்ஸ்கள் உள்ளே விழித்துக்கொண்டேதான் இருக்கும், சூடும் இறங்காது. இரவில் சுவர் ஸ்விட்சை அணையுங்கள். ஹெச்டிஎம்ஐ துளையில் நேராகச் செருகும் ஸ்ட்ரீமிங் குச்சி வைத்திருப்பவர்களுக்கும் இதே நோய் உண்டு. அது டிவியின் முதுகோடு ஒட்டி, டிவியின் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். ஒரு சாண் நீள ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரில் தொங்கவிட்டால் தீரும்.

மெனுவும் சேர்ந்து உறைகிறது, தானே மறுதொடக்கம் ஆகிறது என்றால் டிவியின் மெயின் போர்டைச் சந்தேகிக்கலாம். காலையில் குளிர்ந்திருக்கும்போதே மந்தமாக இருந்தால் அது நினைவகம் நிரம்பிய பிரச்சினை. வேண்டாத ஆப்களை நீக்குங்கள். காலையில் சுறுசுறுப்பு, இரவு ஒன்பது மணிக்குத் திணறல் என்றால் அது சூடு. இதற்கு ஃபேன் நன்றாகவே உதவும்.

சத்தம் வருகிறது, படம் இல்லை

அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஆட்கள் நிழல்போல அசைவது தெரிந்தால் பேக்லைட் போய்விட்டது. நெடுங்காலச் சூட்டில் எல்இடி ஒன்று எரிந்திருக்கும், தொடர் இணைப்பு என்பதால் மொத்தமும் இருண்டிருக்கும். இப்போது ஃபேன் மாட்டுவது வள்ளம் கவிழ்ந்தபின் ஓட்டை அடைக்கிற வேலை. பட்டைகளை முழு செட்டாக மாற்றச் சொல்லுங்கள். எரிந்த ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்தது சீக்கிரமே போகும். மாற்றி வந்தபின் பேக்லைட்டைக் குறைத்து வையுங்கள்.

காலையில் எழ மறுக்கிறது, எழுந்தபின் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது

இது சூட்டுக்கு நேர் எதிர்த் திசை. சிவப்பு விளக்கு மினுக்கும், 'டிக் டிக்' என்று ரிலே சத்தம் வரும், பலமுறை முயன்றபின் ஓடும், சூடானபின் தொல்லையில்லை. பவர் போர்டில் இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்துவிட்டன என்று அர்த்தம். குளிர்ந்திருக்கும்போதுதான் அவை அதிகம் சண்டித்தனம் செய்யும். ஃபேன் வைத்தால் உதவாது.

காய்ந்ததற்குக் காரணம் பழைய சூடுதான் என்பது வேறு விஷயம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இந்தக் கெப்பாசிட்டர்களின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இந்தத் தொழிலில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. ஃபேன் வைப்பதற்கு நல்ல நியாயம் வேண்டுமென்றால் அது இதுதான். ஆனால் கோளாறு வருவதற்கு முன்னால் வைத்திருக்க வேண்டும். மாற்றுவது மெக்கானிக்கின் வேலை. ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

செங்குத்துக் கோடுகள், பாதித் திரை வெளுப்பு

சூடானபின் வந்து ஆறியபின் மறைகிற கோடு என்றால் பேனலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய ரிப்பன் இணைப்புகள் விட்டுக்கொடுக்க ஆரம்பித்திருக்கின்றன. ஃபேன் வைத்தால் நாளைத் தள்ளிப்போடலாம், தீர்க்க முடியாது. ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி கோட்டைப் போக்கும் வித்தை தெரிந்த ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். வேண்டாம், பேனல் கண்ணாடி விரிசல் விட்டால் டிவியின் கதை முடிந்தது.

'டப்' என்று சத்தம், அல்லது கருகல் வாசனை

அணைத்து ஐந்து பத்து நிமிடத்தில் 'டப்', 'டிக்' என்று கேட்பது பிளாஸ்டிக் சுருங்கும் சத்தம். பயப்பட வேண்டாம். மெல்லிய டிவிகளில் திரையின் கீழ் ஓரம் மட்டும் நன்றாகச் சுடுவதும் பல சமயம் இயல்புதான். எல்இடி பட்டை அந்த ஓரத்தில் இருக்கும்.

கருகல் வாசனை வந்தால் அது வேறு. சுவர் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதோடு விட்டுவிடுங்கள். மறுபடி போட்டுப் பார்க்கக் கூடாது. பல்லி உள்ளே போய்க் கருகுவதும் நம் வீடுகளில் நடக்கிறதுதான், ஆனால் பல்லியா போர்டா என்று மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்த வீட்டில் டிவி ஓடவில்லை

வளைகுடாவில் வேலை பார்க்கும் குடும்பங்கள் லீவில் வந்து திறக்கும்போது கேட்கிற புகார் இது. சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடற்கரையோரக் காற்றில் வரும் உப்பு போர்டில் படிந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டும்போது உப்பு தானாகவே தண்ணீரை இழுத்து ஈரமாகிவிடும். முட்டத்திலும் கன்னியாகுமரியிலும் அந்த அளவு ஈரப்பதம் பல நாட்களில் சாதாரணம். நாள்தோறும் ஓடுகிற டிவி தன் சூட்டாலேயே உள்ளே உலர்ந்துகொள்ளும். கிடந்த டிவிக்கு அந்த வசதி இல்லை. நேராக கரண்ட் கொடுக்காமல் சர்வீஸ் ஆளிடம் காட்டிச் சுத்தம் செய்துவிட்டுப் போடுவது நல்லது.

டிவிக்குக் கொஞ்சம் சூடு நல்லது என்பது கடற்கரைக்காரர்களுக்கு முக்கியமான சேதி. கீழே ஃபேனை எங்கே வைப்பது என்ற முடிவும் இதையொட்டித்தான் வருகிறது.

ஃபேன் தேவைதான் என்று தெரிந்தபின்

முதல் விதி: டிவியைத் திறக்காதீர்கள். பின் மூடியை அறுத்து ஃபேன் பதிப்பதும், ஹீட் சிங்க் (சூட்டை உறிஞ்சி வெளியே விடும் உலோகத் தகடு) மேல் ஒட்டுவதும் பார்க்கத் திறமையாகத் தெரியும். ஆனால் பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட், சில டிவிகளில் 400 வோல்ட் வரை தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். குண்டு டிவி இன்னும் வைத்திருப்பவர்களுக்கு இரட்டை எச்சரிக்கை. படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட். வாரண்டி போவதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது, ஃபேன் டிவிக்குள் காற்றை ஊதக் கூடாது. டிவிக்குப் பின்னால் தேங்கிய சூடான காற்றை வெளியே இழுக்க வேண்டும். ஊதினால் தூசியும் உப்பும் நேராக போர்டில் போய்ப் படியும். மணவாளக்குறிச்சி, கடியப்பட்டணம் பக்கம் ஆடிக் காற்றில் கருமணல் ஜன்னல் விளிம்பில் படிவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்து வீடுகளில் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதியும் அதே வகை. வெளியே இழுக்கும்போது டிவி தன் துளைகள் வழியாக மெதுவாக, இயல்பாகச் சுவாசித்துக்கொள்ளும்.

எவ்வளவு காற்று வேண்டும்? டிவியின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் வாட் போட்டிருக்கும். 32 அங்குலம் சுமார் 50 வாட், 55 அங்குலம் நூறைத் தாண்டும். கிட்டத்தட்ட அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. மூடிய அலமாரிக்குள் 100 வாட் குண்டு பல்பை மாலை முழுக்க எரியவிட்டால் எப்படியோ அப்படி. அந்த 100 வாட்டை, காற்று 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் கொண்டுபோக விநாடிக்கு 8 லிட்டர் காற்று நகர்ந்தால் போதும். கம்ப்யூட்டருக்கு வரும் 120 மில்லிமீட்டர் ஃபேன் முழு வேகத்தில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு தள்ளும். ஆகவே பெரிய ஃபேனை வாங்கி மெதுவாக ஓடவிடுங்கள். 40 மில்லிமீட்டர் குட்டி ஃபேன் விலை குறைவு, ஆனால் கொசு மாதிரி ரீங்காரமிடும், சீரியலின் மௌனக் காட்சிகளில் அது மட்டும்தான் கேட்கும்.

ஷோகேஸ் என்றால்: பின் பலகையின் மேல் மூலையில், டிவியின் உயரத்துக்கும் மேலே, ஃபேன் அளவுக்கு வட்டம் வெட்ட வேண்டும். 120 மில்லிமீட்டர் ஃபேனுக்கு ஸ்க்ரூத் துளைகள் ஒன்றுக்கொன்று 105 மில்லிமீட்டர் தள்ளி வரும். 80 மில்லிமீட்டர் ஃபேனுக்கு 71.5. அதே பலகையின் கீழ்ப்பகுதியில், எதிர் மூலையில், உள்ளே காற்று வர அதே அளவு திறப்பு வேண்டும். இதை மறந்தால் ஃபேன் சுற்றும், காற்று நகராது. பலகைக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரற்கடையாவது இடம் விடுங்கள், இல்லையென்றால் வெளியே போன சூடான காற்றே கீழ்த் துளை வழியாகத் திரும்பி வரும். தச்சரைக் கூப்பிட்டால் அரை மணி நேர வேலை. தேக்குப் பலகையை அறுக்க வீட்டில் சம்மதம் வாங்குவதற்குத்தான் நேரமாகும்.

சுவரில் மாட்டிய டிவி என்றால் வெட்டுவதற்கு எதுவும் இல்லை. டிவியின் மேல் விளிம்புக்குப் பின்னால், மூச்சுத் துளை வரிசைக்குச் சற்று மேலே, ஃபேனைப் படுக்கை வாக்கில் வைத்து மேல் நோக்கி இழுக்கவிடுங்கள். மாட்டியின் இரும்புச் சட்டத்தில் கேபிள் டை போட்டுக் கட்டலாம். நடுவில் துண்டு ரப்பரோ பழைய ஹவாய் செருப்பின் துண்டோ வைத்தால் அதிர்வு சுவருக்குப் போகாது. டபுள் சைடு டேப்பை மட்டும் நம்பாதீர்கள். சூட்டில் பசை இளகி ஒருநாள் இரவு ஃபேன் பின்னால் விழும். துளைகளை ஃபேனின் உடம்பே மறைத்துவிடாமலும் பாருங்கள்.

கரண்ட் எங்கிருந்து? 5 வோல்ட் ஃபேன் என்றால் டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்தே எடுக்கலாம். சாதாரண யுஎஸ்பி துளை அரை ஆம்பியர் வரை தரும். ஃபேனின் தாளில் 0.3 ஆம்பியருக்குள் இருந்தால் தாராளம். இதில் பெரிய வசதி, டிவி போட்டால் ஃபேன் ஓடும், அணைத்தால் நிற்கும். இரண்டு ஃபேன் வேண்டுமென்றால் ஒரே துளையில் கோக்காமல் செல்போன் சார்ஜரில் கொடுங்கள். பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 12 வோல்ட் ஃபேன் கையில் இருந்தால், பழைய செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட் அடாப்டர் போதும். 9 வோல்ட் அடாப்டரில் கொடுத்தால் சத்தம் இன்னும் குறையும். இரண்டு அல்லது மூன்று வயர் வரும் ஃபேனில் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். மூன்றாவதாக மஞ்சள் வயர் இருந்தால் அது வேகத்தைச் சொல்ல மட்டும், டேப் சுற்றி விட்டுவிடுங்கள்; நான்கு வயர் ஃபேனில் நிறக் கணக்கு வேறு. யுஎஸ்பி வயரை வெட்டி இணைக்கிறவர்கள் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளவும். மலிவு வயர்களில் நிறம் ஒழுங்காக இருப்பதில்லை.

காற்று எந்தப் பக்கம் போகும் என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். ஃபேனின் நடுவில் கம்பெனித் தாள் ஒட்டி, குறுக்குக் கைகள் இருக்கும் பக்கம் காற்று வெளியேறும் பக்கம். சில ஃபேன்களின் சட்டத்தில் அம்புக்குறியும் உண்டு. மாட்டியபின் டிஷ்யூ தாள் கீற்று ஒன்றைக் கீழ்த் துளையில் பிடியுங்கள். உள்ளே இழுபட்டால் சரி.

ஃபேன் வாங்கும்போது என்ன பேரிங் (அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பாகம்) என்று கேளுங்கள். கடற்கரை வீட்டுக்கும் படுக்கை வாக்கில் மாட்டுவதற்கும் பால் பேரிங் கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. ஸ்லீவ் பேரிங் ஃபேன் கிடையாக ஓடும்போது சீக்கிரம் தேய்ந்து கரகரக்கும்.

ஃபேன் மாட்டியபின் வரும் தொல்லைகள்

ஃபேன் சுற்றவில்லை. வயரைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம், அல்லது 12 வோல்ட் ஃபேனை யுஎஸ்பியில் செருகியிருக்கலாம். 5 வோல்ட்டில் சில 12 வோல்ட் ஃபேன்கள் மெதுவாக ஓடும், சில அசையவே அசையாது. விரலால் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்பதை வைத்துத் திருப்திப்படாதீர்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாள் யார் தள்ளிவிடுவது?

உறுமல் சத்தம். ஃபேனைக் கையில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சத்தம் நின்றால் ஃபேனில் குறையில்லை, பலகை அதிர்கிறது. ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி ரப்பர் கொடுங்கள். கையில் பிடித்தும் உறுமினால் ஃபேனை மாற்ற வேண்டியதுதான்.

டிவி அணைத்தும் ஃபேன் ஓடுகிறது. சில டிவிகள் அணைத்த பிறகும் யுஎஸ்பிக்குக் கொஞ்ச நேரமோ, எப்போதுமோ கரண்ட் கொடுக்கும். கொஞ்ச நேரம் என்றால் நல்லதுதான், மிச்சச் சூடு வெளியேறும். இரவு முழுக்க என்றால் கடற்கரை வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டும். குளிர்ந்த டிவியைச் சுற்றி ஈரக் காற்றை இழுத்துக்கொண்டிருப்பதில் லாபம் இல்லை. சுவர் ஸ்விட்சை அணையுங்கள், அல்லது குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் மட்டும் ஓடவிடும் தெர்மோஸ்டாட் போர்டு ஒன்றை இடையில் போடுங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

மழைக்காலத்தில் இடி மின்னல் வந்தால் டிவி பிளக்கோடு ஃபேன் அடாப்டரையும், கேபிள் வயரையும் பிடுங்குங்கள். ஐப்பசி மாலைகளில் இதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. கேபிள் வயர் வழியாக வரும் மின்னலுக்கு ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்பதெல்லாம் தெரியாது.

முதலில் நன்றாக இருந்தது, சில மாதம் கழித்து மறுபடி அணைகிறது. ஃபேன் இதழ்களைப் பாருங்கள், தூசி மீசை வளர்ந்திருக்கும். துடைத்தாலே காற்று திரும்பும். ஃபேன் சுத்தமாக, நன்றாக ஓடியும் டிவி அணைகிறது என்றால் இனி உள்ளே இருக்கும் போர்டின் பிரச்சினை. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ஃபேனைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். போட்டதிலிருந்து எத்தனை நிமிடத்தில் அணைகிறது, அணைந்தபின் சிவப்பு விளக்கு எரிகிறதா, மினுக்குகிறதா, எத்தனை முறை மினுக்கி நிற்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்தனுப்புங்கள். பல டிவிகளில் அந்த மினுக்கல் எண்ணிக்கைதான் எந்தப் பகுதி கெட்டது என்று மெக்கானிக்குக் காட்டும் குறி. மினுக்குவதைச் செல்போனில் வீடியோ எடுத்து வைத்தால் இன்னும் வசதி.